பதினோரு ஃபிரேம்

சந்தூர் ரோட்டில் மாங்கூழ் ஆலை.
ஜூன் கடைசி. கேட்டுக்கு வெளியே
பெங்களூரா ஏற்றிய லாரிகள்
வளைவு தாண்டியும் நிற்கின்றன.

"வீடியோ, போட்டோ ரெண்டும் இப்ப ஒரே கேமராதானே தம்பி,
ஒரு ஆள் போதும்" என்று
பாதி ரேட்டில் முடித்திருந்தார் மேனேஜர்.

ஒரே கேமராதான்.
டயலைத் திருப்பும்போதெல்லாம்
ஆள்தான் மாறவேண்டியிருக்கிறது:
போட்டோவுக்கு மூச்சைப் பிடிப்பவன்,
வீடியோவுக்கு மூச்சோடு நடப்பவன்.

தலையில் வலைத்தொப்பி, நீலக் கையுறை,
நாற்பது பெண்கள், ஓடும் பெல்ட்.
கேமராவை யாரும் பார்க்கக் கூடாதென்று
மைக்கில் இரண்டு முறை சொன்னார்கள்.
பழத்தின்மேல் ஃபோகஸ் வைத்து
கிம்பலோடு நகர்ந்தேன்.
நீராவி. இனிப்பு நெடி.
லென்ஸில் ஒரு ஈ. ஊதினேன்.

ராத்திரி, ரவுண்டானாவுக்குப் பின்னால் என் அறை.
லாக்கில் எடுத்ததெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது,
மாம்பழமா உருளைக்கிழங்கா, தெரியாது.
டியூப்லைட்டின் பச்சையை இறக்கினேன்.
மஞ்சளை ஏற்றினேன்.
இன்னும் கொஞ்சம்,
ஏற்றுமதிக்குப் போகும் மஞ்சள்.

முப்பத்தெட்டாவது கிளிப்.
கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியை
அணைக்க மறந்திருக்கிறேன்.
ஃபோகஸ் பழத்திலிருந்து வழுக்கி
மூன்றாவதாக நின்றவளிடம் போய்விட்டது.
அவள் பார்க்கிறாள்.
பதினோரு ஃபிரேம், அரை வினாடிகூட இல்லை.
சிரிப்பில்லை, பயமில்லை.
ரேஷன் கார்டில் தன் பெயர்
சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் பார்வை.

"சூப்பர். அந்த லேடியை மட்டும் வெட்டிடுங்க"
என்று வந்தது மெசேஜ்.
வெட்டினேன்.
வெட்டு தெரியாமலிருக்க
கூழ் ஊற்றும் காட்சியை மேலே போட்டேன்.
பெல்ட் ஒன்றும் நடக்காததுபோல ஓடியது.

பிறகு, தூக்கம் வராமல்,
ஏழாவது ஃபிரேமைத் தனியே எடுத்தேன்.
ஐம்பதில் ஒரு பங்கு வினாடி:
கைகள் கலங்கல்,
கத்தி ஒரு வெள்ளிக் கீற்று,
கண் மட்டும் அசையவில்லை.
போட்டோவாக எடுத்திருந்தால்
கத்தியும் விரலும் கூர்மையாக நின்றிருக்கும்.
சும்மா நிற்கிறாள் என்றுதான்
நினைத்திருப்பார்கள்.

பாக்கிப் பணம் வாங்கப் போனபோது
பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன்.
ஷிஃப்ட் விடும் நேரம்.
கெம்பம்மா, வேப்பனப்பள்ளிப் பக்கம்.

"அன்னிக்கு ஏன் பார்த்தீங்க?"
"உங்க கண்ணாடில ஈ உட்காந்துச்சு.
சொல்லலாமான்னு பார்த்தேன்."

படத்தைத் தள்ளிப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள்.
"மூஞ்சி நல்லாருக்கு.
கை ரெண்டும் ஏன் அழிஞ்சிருக்கு?"
"அவ்ளோ வேகமா ஓடுதுங்க, அதான்."

சாப்பாட்டுப் பையில் மடங்காமல் செருகிக்கொண்டாள்.
"இருக்கட்டும்.
கிலோ கணக்கு எழுதுறவன்கிட்ட
நாளைக்கு இதைக் காட்டணும்."