நாலரை மணி மிக்ஸி

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தாளில்
'காலையில் ஸ்மூத்தி' என்றிருந்தது.
மருந்துக்கடையில் நீட்டினேன்.
"இது பழக்கடையில கிடைக்கும்ணே" என்றான் பையன்,
சிரிக்காமல்.

இருபத்திரண்டு வருஷமாகத் தாண்டிக்குடியின்
முதல் வண்டியைக் கீழே இறக்குகிறவன் நான்.
ஐந்தேகாலுக்கு எடுத்தால்
பட்டிவீரன்பட்டி போய்ச் சேர்வதற்கும்
பரோட்டாக் கல் காய்வதற்கும் சரியாக இருக்கும்.
கல்லில் போட்டதெல்லாம் ரத்தத்தில் ஏறிவிட்டதாம்.
ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவே
எவ்வளவு இடம் மிச்சமென்று
சட்டைப் பித்தானுக்குத் தெரியும்.

ஆக, மார்கழி இருட்டில்
இரண்டு கமலா ஆரஞ்சு.
தளர்ந்த தோல். நகம் பட்டதும் கழன்றுகொடுக்கும்,
கண்ணில் ஒரு பீய்ச்சு பீய்ச்சிவிட்டு.
சுளைமேல் வெள்ளை நார் இருக்கட்டும், நல்லதாம்.
மலைவாழையில் பாதி. தயிர் ஒரு கரண்டி.
இஞ்சி, சுண்டுவிரல் நகமளவு.
சர்க்கரை கிடையாது.
அப்புறம் மிக்ஸி.

ஊர் பனிக்குள் முடங்கிக் கிடக்கிற நேரம்,
இரண்டாம் கியரில் மேடேறும் லாரி மாதிரி
என் வீடு மட்டும் கத்தும்.

மூன்றாம் நாள் சுவர் இடித்தது.
டம். டம்.
பக்கத்து வீட்டுப் பவளக்கொடி.
ஆரஞ்சு தரம் பிரிக்கிற கொட்டகையில் வேலை.
அவள் படுக்கவே பதினொன்றாகும்.

மறுநாள் இரண்டு டம்ளராக அடித்து
ஒன்றை அவள் வாசலில் தட்டுப்போட்டு மூடிவைத்தேன்.
சாயங்காலம் டம்ளர் கழுவி வந்தது.
கூடவே தீர்ப்பும்:
"வெதையோட அரைச்சிருக்கீங்க. அதான் கசக்குது."

தையில் ஒரு சாக்கு வந்தது.
தழும்பு விழுந்தவை, ஒருபக்கம் சப்பியவை,
காம்போடு தோல் பிய்ந்தவை.
லாரி ஏறத் தகுதியில்லாத சாதி.
"பச்சையா இருக்கேன்னு பாக்காதீங்க,
கையில கனக்குதான்னு பாருங்க" என்றாள்.
மஞ்சளாக மினுக்கிய ஒன்றை எடுத்துக் காட்டினாள்.
பஞ்சு. உள்ளே வெறும் சக்கை.

ஆரஞ்சு வராத ஒரு வாரம் நாரத்தை தந்தாள்.
துணிந்து அடித்துக் குடித்தேன்.
மங்களம்கொம்பு வரை முகம் நேராகவில்லை.
"யார் மேலண்ணே கோவம்?" என்றான் கண்டக்டர்.
நாரத்தை ஊறுகாய்க்குப் பிறந்தது.
அதை அதன் வழியில் விட வேண்டும்.

பிறகு மாசியில் அந்தக் காலை.
சாக்கின் அடியில் கிடந்த கடைசி நாலு பழத்தையும்
உரித்து ஜாரில் போட்டுத் திருகினால்,
சத்தமில்லை. கரண்ட் போயிருந்தது.
பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு
மோர் கடையும் மத்தைத் தேடியெடுத்து
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடைந்துகொண்டிருந்தேன்.

நாலு நாற்பதுக்குச் சுவர் இடித்தது.
டம் டம் டம் டம்.
சத்தமே போடாததற்கும் இடியா?
அடுத்து கதவு.
கம்பளிக்குள் பாதி முகமாக அவள்:
"தூங்கிட்டீங்களோன்னு நெனச்சேன்.
வண்டிய யார் எடுக்கிறது?"

முழங்கை வரை மஞ்சளாய் நின்றேன்.
பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள்,
செல்போன் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு
மிதந்த விதைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள்.
ஒன்றுகூட உடைந்திருக்கவில்லை.
நின்றபடியே குடித்தோம்.
கட்டி கட்டியாக இருந்தது. நார் பல்லில் மாட்டியது.
கசக்கவேயில்லை.

"கடைஞ்சே குடிக்கலாம் போலிருக்கே" என்றாள்.
"அப்புறம் உங்களை யார் எழுப்புறது?" என்றேன்.
அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது
கரண்ட் வந்தது.

அணைக்க மறந்த மிக்ஸி
காலி ஜாரோடு அலற,
அந்தப் பக்கத்துச் சுவரில்
யாரோ இடித்தார்கள்.