பதினோராவது பத்தி

ஒப்பந்தத்தின் பதினோராவது பத்தி சொல்கிறது:
மண்ணில் வேர்விட்டது எதுவும்
வீட்டோடு சேர்ந்தது.
கையெழுத்துப் போடும்போது நான்
புது ஃப்ளாட்டின் மாடிப்படியில் அலமாரி திரும்புமா
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் கடைசி. நார்த்டேலில் மழை விட்டு மூன்று நாள்.
பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும்,
சிவந்த புட்டு மாவு போல் மண்.
கேட் ஓரம் அகபாந்தஸ்.
பதினாறு வருஷமாய் யாரும் தொடாத புதர்.
நெருக்கத்தில்தான் நன்றாகப் பூக்கும் என்று
நர்சரிக்காரர் எப்போதோ சொன்னதை
என் சோம்பலுக்குச் சாட்சியாக வைத்திருந்தேன்.

திருடப் போவதால் ஐந்தரைக்கே எழுந்தேன்.
என் தண்ணீர், என் சாணி எரு,
என் காசுக்கு வாங்கிய செடி.
சாவி கைமாற இன்னும் பத்து நாள் இருக்கிறது,
இருந்தாலும் பூனை மாதிரிதான் நடந்தேன்.

ஒரு ஃபோர்க் என்னுடையது.
இன்னொன்று பக்கத்து வீட்டுத் தாயநாயகியிடம் இரவல்.
எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
கேட்காததிலேயே தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியும்.
இரண்டையும் முதுகோடு முதுகாகக் குத்தி
பிடிகளை விலக்கினால் தூர் பிளக்கும்.
பிளக்கவில்லை.
ஏறி நின்றேன், அறுபத்தெட்டுக் கிலோவும்.
பிடிதான் முனகியது.
உள்ளே போய் ரொட்டி அறுக்கும் கத்தியை எடுத்து வந்தேன்.

முட்டைக்கோஸ் தண்டு அறுபடும் சத்தம்.
உள்ளே வெள்ளை வெள்ளையாய் வேர்,
விரல் தடிமனில் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு.
எது எந்தக் குருத்துக்குச் சொந்தம் என்று
அதற்கே தெரியாது.
குணசீலனும் நானும் வங்கிக் கணக்கைப் பிரித்தது
இதைவிடச் சுலபம்.
ஒரு பெண் கணினியில் கோடு போட்டாள்,
நாங்கள் ஆளுக்கொரு டீ குடித்தோம்.

அப்போது கார் வந்து நின்றது.
வீட்டை வாங்கியவள். மிஸ்ஸிஸ் ந்தோம்பேலா.
இரவு டியூட்டி முடிந்து நர்ஸ் உடுப்போடு
திரைச்சீலைக்கு ஜன்னல் அளவெடுக்க வந்திருந்தாள்.
அவள் கையில் அளவு நாடா,
என் கையில் கத்தி.
பதினோராவது பத்தி எங்கள் நடுவே
வேர் தெரியக் கிடந்தது.

ஏதாவது பேச வேண்டுமே,
உங்கள் பாஷையில் இதற்கு என்ன பேர் என்றேன்.
'உபானி.'
அந்த சூலு வார்த்தை எனக்குத் தெரியும்.
முப்பது வருஷம் பஸ் டிப்போவில்
ஃபோனை எடுத்தாலே அதுதான்: யார்?
யாரா? நான்தான், நீங்கள் நினைப்பது போல் இல்லை,
பாதியை விட்டுவிட்டுத்தான் போவேன், என்று ஆரம்பித்து
பத்தி எண் வரைக்கும் ஒப்பித்துவிட்டேன்.
அவள் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.
செடியின் பேரே அதுதானாம்.

யார்.
பதினாறு வருஷமாய் கேட்டில் நின்று
வந்தவரை, போனவரை,
குணசீலனின் பெட்டிகளைக்கூட
கேட்டிருக்கிறது போல.

ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்து
அவள் மறு பிடியைப் பிடித்தாள்.
'அழுத்தாதீர்கள், ஆட்டுங்கள்.'
ஆட்டினோம்.
மூன்றாகப் பிரிந்தது. என் கணக்கில் இரண்டுதான்.
மூன்றாவது தாயநாயகிக்கு,
ஃபோர்க்குக்கு வட்டி.

இலைகளைப் பாதியாக நறுக்கினேன்.
முதல் வருஷம் முறைத்துக்கொண்டு நிற்கும், பூக்காது என்றேன்.
'இங்கேயா, உங்கள் பால்கனியிலா?'
ரெண்டிலும்தான்.
எதற்கும் இருக்கட்டும் என்று
என் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
ஜன்னலை அளக்காமலே போய்விட்டாள்.

கத்தியை இரண்டு தடவை கழுவினேன்.
மறுநாள் ரொட்டியில்
நறநறவென்று மண்.