கம்பிக்குப் பின்னாலிருந்து

பெயர்ப்பலகையில் வைன் ஸ்டோர்ஸ் என்று இருக்கிறது.
உள்ளே வைன் மூன்று போத்தல்.
நத்தாருக்கு நத்தார் தூசி துடைப்பேன்.
கேட்பவர்கள் கேட்பது சாராயம்,
கால் போத்தல், அரைப் போத்தல்,
சில்லறையோடு வருபவர் மிகக் குறைவு.

ஜம்பட்டா வீதியில் முந்திரிகைப் பந்தல் கிடையாது.
பூசையில் ஒரு மிடறு உண்டு,
அதுவும் சுவாமிக்கு மட்டும்.

மிச்சக் காசை எண்ணும்போது
அந்தப் பக்கமிருந்து இரண்டாவது கேள்வி வரும்:
"அண்ணே, இங்க எங்க சாப்பிடலாம்?"

பதினொரு வருஷமாய்ச் சொல்கிறேன்.
கையைப் பார்த்தே சொல்வேன்.
முகங்கள் வெளிச்சத்துக்கு மேலே நின்றுவிடும்,
கம்பிக்குள் வருவது கைதான்.

கிறீஸ் படிந்த கை என்றால் நிஸ்தாரின் கொத்து.
தகரத்தில் இரும்பு விழும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போ.
ஈரல் போடச் சொல்.
முட்டை அவனாகப் போடுவான்,
விலையை நீயாகக் கேட்டுக்கொள்.

சம்பள நாள் கைக்கு, அது நோட்டை விசிறிபோல் விரிக்கும்,
சந்தி தாண்டிச் சீனக் கடை.
சமைப்பவர் பலாங்கொடைக்காரர்.
கணவாய் டெவல் கேள்,
வேண்டாம் என்றாலும் வெங்காயத்தாள் வரும்.

நடுங்கும் கைக்கு முதலில் சொதி.
வேறெதுவும் வயிற்றில் தங்காது.
சைவக்கடைப் பின்கதவில் ஒரு கோப்பை தருவார்கள்.
போத்தலை இடுப்பில் செருகு,
முதலாளி விபூதிக்காரர்.

கடைசி நாணயம்வரை எண்ணி வைத்த கைக்கு
மாங்காய் வண்டி, உப்பும் தூளும்.
அதைச் சாப்பாடு என்று சொல்லும்போது மட்டும்
நான் கல்குலேட்டரைப் பார்த்துக்கொள்வேன்.

போயாவுக்கு முந்தின இரவு.
மூட ஐந்து நிமிடம். வரிசை வீதிவரை.
ஒரு கை வந்தது, காசில்லாமல்.
நகம் ஒட்ட வெட்டி,
உள்ளங்கை வெளிறிச் சுருங்கி,
நாள் முழுக்கக் கையுறைக்குள் ஊறிய கை.
ஆஸ்பத்திரிச் சவர்க்கார வாசம்.

"போத்தல் வேண்டாம், தம்பி.
எல்லாருக்கும் சொல்றீங்க, எனக்கும் சொல்லுங்க.
இருந்து சாப்பிடணும். தனியா."

வாயைத் திறந்தேன்.
நிஸ்தாரிடம் ஒரு வாங்கு,
எட்டுக்குப் பிறகு அதில் என்னிடம் வாங்கியவர்கள்.
சீனக் கடையில் மேசைக்கடியில் என் போத்தல்கள்.
சைவக்கடை இந்நேரம் பாதிக் கதவு.
மாங்காய் வண்டிக்குக் கதிரை ஏது?

இத்தனை வருஷமாய் வழி சொன்ன ஊரில்
அவளுக்கு ஓர் இடம் இல்லை.
நானே நிரப்பியிருக்கிறேன்,
கால் காலாய், அரை அரையாய்.

"என்னடா தூங்குறியா?" பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

மரியபுஷ்பம் ஞாபகம் வந்தது.
பலகையில்லாத வாசல்,
தண்ணீர்க்குழாய் ஒழுங்கையில் மூன்றாவது.
அப்பம் சுடுவாள்.
குடித்துவிட்டுப் போனவனை
மாக்கரண்டியால் அடித்தாள் என்று கேள்வி.
அவள் புருஷன் முன்பு தினமும் வருவான்,
பிறகு வரவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை.
வரிசையில் யாருக்கும் அந்த வழியை
நான் சொன்னதுமில்லை.

அவளுக்குச் சொன்னேன்.
"நீலக் கதிரை ஒண்டு இருக்கும். ஆடும், பார்த்து இருங்க."
கை போய்விட்டது.
அடுத்த கை அரைப் போத்தல் கேட்டது.

மறுநாள் போயா. கடைக்குப் பூட்டு.
எனக்கு எங்கே சாப்பிடுவதென்று தெரியவில்லை,
அந்த ஒழுங்கைக்கே போனேன்.
மரியபுஷ்பம் முதலில் என் வாயை மோந்தாள்.
"நீயா அந்தப் பிள்ளையை அனுப்பினது?
நாலு வெள்ளையப்பம், ஒரு முட்டையப்பம்.
ஒன்பதரைவரைக்கும் இருந்துச்சு, ஒண்டும் பேசல்ல.
போகும்போது பார், என்ன செஞ்சு வச்சிருக்கு."

கதிரைக் காலுக்குக் கீழே
மருந்துப் பெட்டி மட்டை, எட்டாய் மடித்தது.
அழுத்திப் பார்த்தேன். ஆடவில்லை.

இரு என்றாள். நான் நின்றுதான் சாப்பிட்டேன், பழக்கம்.
கட்டச்சம்பல் உறைத்துக் கண்ணில் தண்ணீர்.
குடிக்கக் கேட்டேன்.

"குழாய் அங்கதானே இருக்கு,
போய்க் குடி."