முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

அவிநாசி ரோட்டுக் கடையில்
பெட்டியைத் திறந்த பையன் சொன்னான்:
"மேகத்து மேல ஓடற மாதிரி இருக்குமுங்ணா."
குதிகாலுக்குக் கீழே
முப்பத்தெட்டு மில்லிமீட்டர் நுரை.
மாசச் சம்பளத்தில் கால்வாசி.
காலுக்குத்தானே என்று கொடுத்துவிட்டேன்.

முதல் வாரம் மேகம்தான்.
திருப்பூர் இன்னும் பாய்லர் மூட்டாத நேரம்,
நொய்யல் பாலத்தைச் சத்தமில்லாமல் கடந்தேன்.
நான் போன பிறகுதான்
நாய்கள் குரைக்க ஆரம்பித்தன.

மூன்றாவது வாரம்
முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்ளோரம்,
ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு வலி.
படி இறங்கும்போது மட்டும்.
அப்புறம் ஏறும்போதும்.
அப்புறம் கட்டிங் டேபிள் பக்கம்
சும்மா நிற்கும்போதும்.

அதே ஷூ போட்ட லிங்குசாமிக்கு ஒன்றுமில்லை.
அவன் ஐம்பத்திரண்டு கிலோ.
நான் எண்பத்தாறு.

பிசியோ ஜெஸிந்தா காலைத் தொடையில் வைத்து
அழுத்திக்கொண்டே சொன்னார்:
"மெத்து நல்லதா கெட்டதான்னு
ஒத்தை வரியில ஆராலும் சொல்ல முடியாதுங்க.
சிலரைக் காப்பாத்துது.
சிலருக்குத் தரை எங்கன்னு தெரியாம
கால் இன்னும் ஓங்கி மிதிக்குது."

எனக்குச் சோறு போடுவது விரல்.
துணியை நிமிண்டிப் பார்த்து
நூற்றி அறுபதா, நூற்றி எண்பதா என்று
தராசுக்கு முன்னால் சொல்லிவிடுவேன்.
அன்று மதியம் ரப்பர் கையுறை மாட்டித் தொட்டேன்.
துணி வாய் திறக்கவில்லை.
அழுத்தினேன்.
இன்னும் அழுத்தினேன்.
வெள்ளை ஜெர்சியில் பள்ளமாய்க் கிடந்தது
ஒரு கட்டைவிரல் அகலம்.

அடுத்த முறை இதைச் சொன்னபோது
ஜெஸிந்தா சிரித்தார்.
"உவமை நல்லாத்தான் இருக்குது.
அந்த மூணு வாரத்துல
எத்தனை கிலோமீட்டர் ஏத்துனீங்க?"

வாரம் பன்னிரண்டு. பிறகு இருபத்தைந்து. பிறகு நாற்பது.
வலிக்கவேயில்லையே என்றுதான்
ஓடினேன்.

"ஷூ பாவமுங்க" என்றார்.

இப்போது மேகம் ஒருநாள்,
தேய்ந்த பழசு இரண்டு நாள்,
மற்ற நாளெல்லாம் தூக்கம்.
வலி குறைந்திருக்கிறது. எதனால் என்று
என்னிடம் கேட்டால் லிங்குசாமியைக் கைகாட்டுவேன்,
அவனுக்கும் தெரியாது.

பழசு போட்ட நாளில்
ஜல்லி ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்கிறது.
தொப்புத் தொப்பென்று வருவதைத் தூரத்திலேயே கேட்டு
பாலத்து நாய்கள்
எழுந்து நகர்ந்து உட்கார்கின்றன.