வந்த நோக்கம்

விடுதிப் பேரேட்டில் ஆறாவது கட்டம்
வந்த நோக்கம் என்னவென்று கேட்டது.
பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு
கணக்குப் பரீட்சைக்காரன் போலக் கூரையைப் பார்த்தாய்.
பிறகு எழுதினாய்: சும்மா.
மேசைக்குப் பின்னாலிருந்த சிங்களப் பொடியன்
இது என்ன சொல் என்றான்.
"நிக்கங்" என்றாய்.
"நிக்கங்?" அவனும் ஒருதரம் சொல்லிப் பார்த்து
சிரித்தபடி சாவியைத் தள்ளினான்.

சீசன் முடிந்து ஒரு கிழமை.
குதிரைகள் போய்விட்டன, சாணம் கிடக்கிறது.
வசந்த விழாப் பதாகை மழையில் ஊறி
ஒரு முனையில் தொங்குகிறது.
அறை வாடகை பாதிக்கு இறங்கிவிட்டது.
பூக்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலும்,
பார்க்கில் டேலியா
சோடனை கலையாமல் நிற்கிறது.

நுவரெலியா எனக்குப் புதிதில்லை.
மூத்தவனைப் பெற இங்கேதான் வந்தேன்,
அம்புலன்ஸில், கந்தப்பளை வளைவுகளை எண்ணி எண்ணி.
அடையாள அட்டையில் பெயர் பிழை, மூன்று தடவை.
அப்பாவின் சேமலாப நிதிக்கு நான்கு தடவை.
ஒவ்வொரு முறையும் கக்கத்தில் ஒரு ஃபைல்,
பஸ் போய்விடுமென்று வயிற்றில் ஒரு பிசைவு.
ஏரிப் பக்கம் திரும்பியதேயில்லை.

நீ வெள்ளவத்தையில் பத்து வருஷம்,
ஹோட்டல் சமையற்கட்டு.
ரெண்டு தெரு தாண்டினால் கடல்.
எத்தனை தரம் போனாய் என்று கேட்டேன்.
விரல்களை மடக்கினாய்.
ஒரு கையே மிச்சமாயிருந்தது.

அன்னப் படகு அரை மணி நேரம்.
எப்படி மிதித்தாலும் இடது பக்கமே இழுத்தது.
"லோகேந்திரன் பெண்சாதி மாதிரி" என்றாய், யாரோ போல.
நடு ஏரியில் மிதிப்பதை விட்டோம்.
தண்ணீர் எங்களை எங்கேயும் கொண்டுபோகவில்லை.
கரையில் ஒருவன் நேரம் முடிந்ததென்று
விசில் ஊதிக்கொண்டேயிருந்தான்.

ஸ்ட்ரோபெரி ஒரு பெட்டி. விலையைச் சொல்லமாட்டேன்.
பதினொன்று இருந்தது.
கடைசியைப் பாதி கடித்துத் தந்தாய்.
பச்சைப் புளிப்பு.
காசு கொடுத்ததல்லவா, முகம் சுளிக்காமல் விழுங்கினேன்.

மழை ரெண்டு மணிக்கு வந்தது.
மார்க்கெட் தாழ்வாரத்தில் ஒதுங்கியபோது
யாழ்ப்பாண வேனில் வந்த ஒரு அம்மா
"நீங்கள் எவ்விடம்?" என்றார்.
இங்கேதான், இராகலை என்றேன்.
"அப்ப என்ன அலுவலாய் வந்தனீங்கள்?"
நீ என்னைப் பார்த்தாய்.
எனக்குச் சிரிப்பு முட்டியது.
அவர் எங்களைக் களவாக ஓடிவந்தவர்கள் என்று
நினைத்திருக்க வேண்டும்,
இந்த நரையோடு.

விடிய நாலு மணிக்கு எனக்கு முழிப்பு.
எப்போதும் நாலுதான். அடுப்பு, தண்ணீர்,
மூன்று சாப்பாட்டுப் பெட்டி, பெரட்டுக்கு ஓட்டம்.
அசையாமல் கிடந்தேன்,
பாச்சை உருண்டை மணக்கும் போர்வைக்குள்,
நீயாவது தூங்கட்டுமென்று.
கால் மரத்தது. மாற்றவில்லை.
ஜன்னல் மெல்லச் சாம்பலாகியது.
பால் லொறி ஒன்று மேடேறிப் போனது.
அப்போதுதான் கேட்டது, நீ எச்சில் விழுங்குவது.
தூங்குகிறவன் அப்படி விழுங்கமாட்டான்.

"முழிப்புதானே?"
"மூணரையிலிருந்து" என்றாய், கண் திறக்காமல்.
"நீ தூங்கட்டும்னு..."

பக்கத்து அறையில் சுவரைத் தட்டினார்கள்,
அப்படிச் சிரித்தோம்.
பிறகு தூங்கினோம், நிசமாகவே, ஒன்பதரை வரை.
தேத்தண்ணியோடு கதவைத் தட்டிய பொடியன்
தட்டித் தட்டித் திரும்பிப் போனானாம்.

உன் கொழும்பு பஸ் ஒன்றரைக்குப் புறப்பட்டது.
ஜன்னலுக்குள்ளிருந்து ஏதோ சொன்னாய்,
ஹோர்ன் சத்தத்தில் விளங்கவில்லை.
"இராகலை, இராகலை" என்று கூவிக்கொண்டிருந்த கண்டக்டர்
என் பையை வாங்கக் கை நீட்டினார்.
அடுத்ததில் வாறேன் என்றேன்.