கீழே கையொப்பமிடும் நான்

அச்சு எடுக்க வசதியில்லாதவர்கள்
கையால் எழுதலாம் என்றது அரசு.
கொப்பியில் ஒரு தாள் கிழித்தேன்.
"கீழே கையொப்பமிடும் நான்"
என்று பிரெஞ்சில் தொடங்குகிறது
வெளியே போக எனக்கு நானே கொடுக்கும் அனுமதி.

பெயர் எழுதும் இடத்தில்
பேனை நின்றது.

ஆறு வருசமாக நான் சிவநேசன்.
அவருடைய காட்டில்தான் எனக்கு வேலை.
றெப்புப்ளிக் பக்கத்து உணவகத்தின் நிலவறையில்
சட்டி கழுவியது சிவநேசன்.
கண்ணாடி வெட்டிய விரலுக்கு
மூன்று தையல் போட்டதும் சிவநேசனுக்கு.
சம்பளம் அவர் கணக்குக்குப் போய்
ஐந்தில் ஒன்று குறைந்து
என்னிடம் வரும்.

மார்ச்சில் கடையைப் பூட்டினார்கள்.
வேலை நின்றவர்களுக்கு அரசு காசு கொடுத்தது.
சிவநேசனுக்குக் கொடுத்தது.
போன் எடுத்தேன். "பாப்பம் தம்பி" என்றார்.
பிறகும் எடுத்தேன்.
பிறகு அந்த நம்பர்
ஒரு பெண்ணின் குரலில் பிரெஞ்சு கதைத்தது.
கோபமில்லை, அவருக்கும் மூன்று பிள்ளைகள்.
பொய். கோபம்தான்.

லா கூர்னேவில் ஒரு அறை, ஐந்து பேர்.
ஒரு மீற்றர் தள்ளி நில்லுங்கள் என்கிறது ரீவி.
தள்ளினால்
பக்காரி படிக்கட்டில்தான் படுக்கவேண்டும்.
அரிசிப் பையின் வாயை
ஒவ்வொரு இரவும் இன்னுமொரு மடிப்பு மடிக்கிறோம்.
அவன்தான் சொன்னான்:
தேவாலயத்துக்குப் பின்னால் சாமான் கொடுக்கினம்,
காட் கேக்கிறதில்லை.
அவனுக்குத் தமிழ் தெரியாது,
எனக்கு அவன் பாசை தெரியாது,
இது மட்டும் எப்படியோ விளங்கியது.

நேற்று றெஜினா எடுத்தாள்.
கட்டுநாயக்காவில் விடுதிக் கதவு பூட்டாம்.
பாதிச் சம்பளமாம், அதுவும் எப்போதென்று தெரியாதாம்.
தைத்து, மடித்து, பெட்டியில் அடுக்கின உடுப்பெல்லாம்
துறைமுகத்தில் கிடக்காம்.
"உங்கட ஊர்க் கடைக்காரர்தான்
வேண்டாமெண்டு சொன்னவங்கள்."
என் ஊர்!
"சாப்பிட்டியா?" என்றேன்.
"நீ?" என்றாள்.
இரண்டு பேரும் சாப்பிட்டிருந்தோம்.
அம்மாவுக்கு இந்த மாதம் யார் அனுப்புவது என்று
இரண்டு பேரும் கேட்கவில்லை.

எழுதினேன்:
யூட்ஸ்ரன் குலாஸ்.
பிறந்த இடம் பேசாலை.
என் அகதி மனுவை நிராகரித்த கடிதத்துக்குப் பிறகு
இந்த நாட்டில் ஒரு தாள்
என் பெயரைச் சுமப்பது இப்போதுதான்.

அடுத்தது காரணம்.
வேலைக்கு என்று ஒரு பெட்டி.
மருத்துவரிடம் போக ஒன்று.
நாயை உலாத்தக்கூட இடம் விட்டிருக்கிறார்கள்.
அத்தியாவசியப் பொருள் வாங்க என்று இருக்கிறது,
கேட்க என்று இல்லை.
வாங்கத்தான் என்று எழுதினேன்.

சுவரோரம் வரிசை வளைந்து
இரண்டாவது தெருவுக்குள் போனது.
முகத்தில் துணி கட்டியிருந்தாலும் கைகளைத் தெரிந்தது:
புளீச்சில் வெளிறிய கைகள்,
சிமெந்து வெடித்த கைகள்,
யாருடையவோ குழந்தையைத் தூக்கித் தூக்கி
ஒரு பக்கம் சாய்ந்துபோன தோள்.
இந்த நகரம் எழும்பும் முன்னர்
அதைக் கழுவி வைத்தவர்கள்.

பொலிஸ்காரன் என் முன்னால் நின்றான்.
தாளை நீட்டினேன்.
ஓடுவதற்குக் கால் முதலே ஆயத்தமாகிவிட்டது.
"முசியே... குலாஸ்," என்று வாசித்தான்,
பிழையான அழுத்தத்தோடு,
பிழையில்லாத பெயரை.
"நேரம் போடவில்லையே."
சட்டைப்பையிலிருந்து தன் பேனையை எடுத்துத் தந்தான்.
10.20 என்று போட்டேன்.
பேனையை வாங்கித் துடைத்துக்கொண்டு
அடுத்தவரிடம் போனான்.

மேசையில் இருந்த பெண்
எத்தனை பேருக்கு என்றாள்.
ஐந்து என்றேன்.
பாஸ்ரா, இரண்டு தகரத்தில் கொண்டைக்கடலை,
பால், முளைவிட்ட உருளைக்கிழங்கு.
பாலத்தடியில் வரும்போது மறுபடி எண்ணினேன்,
ஏழு.

ஒரு மணித்தியாலம் முடிய
ஆறு நிமிசம் இருந்தது.
நாளைக்கு இந்தத் தாள் செல்லாது.
கொப்பியில் இன்னும்
பதினொரு தாள் இருக்கிறது.