எந்த மரம்

செம்பூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடி.
வியாழன் ஆறு மணி, ஐம்பது நிமிடம்.
கீழே யாருக்கோ கடைவாய்ப்பல்லைக் குடைகிற சத்தம்.

மிருணாள் பார்வே அதிகம் பேசமாட்டார்.
நான்தான் ஆங்கிலத்தில்
இஸ்திரி போட்ட வாக்கியங்களாய்
எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்:
அலுவலகம், தூக்கம், போய்விட்டவள்,
இரண்டு வருடமாய்ப் பிரிக்காத
அவளுடைய அட்டைப்பெட்டி.

ஆறாவது வாரம் வாய் தவறித்
தமிழில் வந்துவிட்டது:
மரத்துப்போச்சு.

அப்படியென்றால்?
மரமாகிவிடுவது, என்றேன்.
எந்த மரம்?

இதை யாரும் கேட்டதில்லை.
யோசிக்க வேண்டியிருந்தது.
மழைக்கு முன்னால் மாநகராட்சிக்காரர்கள்
கிளை கழித்துவிட்டுப் போன,
எங்கள் பில்டிங் வாசல்
தூங்குமூஞ்சி.

பெயரையும் மொழிபெயர்த்துச் சொன்னேன்.
இருவரும் சிரித்தோம்.
என் சிரிப்பு பாதியில் வேறொன்றானது.
அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
கீழே குடைவது எப்போது நின்றதோ.

ஹார்பர் லைனில் நின்றபடியே வந்தேன்.
வெகுநேரம் மடக்கி வைத்த காலில்
உயிர் வரும்போதுதானே எறும்பு ஊரும்.
சுனாபட்டி தாண்டியும் ஊர்ந்தது.
பக்கத்தில் நின்றவர்
ஒன்றும் கேட்காமல்
ஜன்னலோரம் இடம் விட்டார்.

வீட்டில்
பெட்டியின் டேப்பை நகத்தால் நெருடினேன்.
ஒரு முனை எழும்பியது.
அப்படியே விட்டுவிட்டு
சோறு வைக்கப் போனேன்.